தீர்மானம் போட்டால் மலை நிற்குமா?

2016 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் உள்ள டெரபின் நகரசபை, காலநிலை அவசரநிலையை அறிவித்து ஒரு தீர்மானம் போட்டது. உலகிலேயே அப்படிச் செய்த முதல் உள்ளூராட்சி சபை அதுதான். பிறகு அது தொற்றிக்கொண்டது. 2018 நவம்பரில் பிரிஸ்டல், 2019 மே முதலாம் திகதி பிரித்தானியப் பாராளுமன்றம், அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பியப் பாராளுமன்றமும் பங்களாதேஷ் பாராளுமன்றமும், 2020 டிசம்பரில் நியூசிலாந்து. இன்று இந்தப் பட்டியல் 2,000 சபைகளையும் தாண்டி நீள்கிறது.

இந்தத் தீர்மானங்களுக்கு எதிராகச் சொல்லப்படும் மிகப் பெரிய குற்றச்சாட்டு, அவை வெறும் சொல் என்பது. அதற்குக் கனடாவே சாட்சி. 2019 ஜூன் 17 அன்று அந்நாட்டுப் பொதுச் சபை காலநிலை அவசரநிலையை அறிவித்தது. மறுநாளே டிரான்ஸ் மவுண்டன் எண்ணெய்க் குழாயை விரிவாக்க அரசு அனுமதி வழங்கியது. கேலிச்சித்திரக்காரர்களுக்கு அன்று வேலையே இருந்திருக்காது.

ஆனாலும் எல்லாம் வெறும் காகிதம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இங்கிலாந்தின் வடக்கு சமர்செட் சபை 2019இல் அவசரநிலை அறிவித்தது. அடுத்த ஆண்டு பிரிஸ்டல் விமான நிலையத்தைப் பெருப்பிக்கும் திட்டம் முடிவுக்கு வந்தபோது அதை நிராகரித்தது. நிராகரிப்பதற்குக் காலநிலையும் ஒரு காரணமாயிற்று. அறிவிப்பு அங்கே ஒரு சபையின் முதுகெலும்பை நிமிர்த்தியிருக்கிறது. 2022இல் மத்திய திட்டமிடல் அதிகாரிகள் அந்த முடிவை மாற்றி விரிவாக்கத்துக்கு அனுமதி கொடுத்தார்கள் என்பது கதையின் மறுபாதி. சபைக்கு மனம் இருந்தது, கடைசிச் சொல் சபையிடம் இருக்கவில்லை.

கடைசிச் சொல் யாரிடம் என்ற இந்தக் கேள்வியோடு இலங்கையின் ஊவா மாகாணத்துக்கு வந்தால், விடயம் இன்னும் சிக்கலாகிறது.

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை மூடியது. இறந்தோரும் காணாமற்போனோருமாக முப்பதுக்கும் மேற்பட்டோர். அது எதிர்பாராத இடி அல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்தில் குடியமர்த்துங்கள் என்று எச்சரித்திருந்தது. அறிவியல் தன் வேலையைச் செய்திருந்தது. ஆனால் எங்கே போவது? லயம் அவர்களுடையதல்ல, அது நிற்கும் நிலமும் அவர்களுடையதல்ல. நிலம் அரசுக்குச் சொந்தம், குத்தகை கம்பனிக்கு. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய்க் கொழுந்து பறித்தால்தான் பேர் (ஒரு நாள் சம்பளம்) விழும் என்ற நிலையில், எச்சரிக்கைக் கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எந்த மலைக்கு இடம்பெயரும்? தப்பியவர்கள் மாக்கல்தெனியவில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நாட்களைக் கடத்தினார்கள். 75 வீடுகள் 2016இல்தான் கைக்கு வந்தன. 2023 மார்ச்சில், பூணாகலை கபரகல தோட்டத்தில் மீண்டும் மண்சரிவு, மீண்டும் லயங்கள்.

இங்கேதான் ஒரு சட்ட நுணுக்கம் வருகிறது. வெளியூர் வாசகர்கள் இதை நம்ப மறுக்கக்கூடும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டங்களைச் சபையின் பணிகளுக்கு வெளியே வைத்திருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்தார்கள், அவர்களில் சிலர் உறுப்பினர்களாகச் சபையிலும் அமர்ந்தார்கள், ஆனால் சபையின் பணத்தில் தோட்டத்துக்குள் ஒரு பாதையைச் செப்பனிடுவதற்குச் சட்டம் குறுக்கே நின்றது. 2018இல்தான் திருத்தம் வந்தது. அதற்கு முன்பு ஒரு பிரதேச சபை காலநிலை அவசரநிலையை அறிவித்திருந்தால், ஆபத்தின் மையத்தில் குடியிருந்தவர்களுக்குச் சட்டப்படி எதையும் செய்ய முடியாத ஓர் அறிவிப்பாகவே அது இருந்திருக்கும். திருத்தத்துக்குப் பின்னரும் நிலமும் லயமும் சபையின் கையில் இல்லை.

பசுமையின் பெயரால் அவசரப்பட்டால் என்ன நடக்கும் என்பதையும் இந்த மலைகள் அறியும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. அதே ஆண்டின் இறுதிக்குள் தடை விலக்கப்பட்டாலும், 2022இல் நாட்டின் தேயிலை உற்பத்தி கிட்டத்தட்ட 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடி கிலோ அளவுக்கு விழுந்தது. கொழுந்து குறைந்தபோது அரைப்பேர் போடப்பட்டது யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. உமா ஓயா பல்நோக்குத் திட்டமும் இன்னொரு பாடம். 120 மெகாவாட் நீர்மின்சாரம், காபன் கணக்கில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அதற்காகக் குடைந்த சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்து, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 2024 ஏப்ரலில் ஈரானிய ஜனாதிபதி வந்து திட்டத்தைத் திறந்து வைத்தார். மேலை நாட்டு அறிவிப்புகளை அப்படியே பிரதி எடுப்பதில் உள்ள கோளாறு இதுதான்: அவை பெரும்பாலும் புகையைக் குறைக்கும் வாக்குறுதிகள். லயத்தில் வாழும் குடும்பம் வெளியிடும் புகை எவ்வளவு? அதற்குத் தேவைப்படுவது சரியாத நிலம்.

அவசரநிலையில் இன்னொரு வகையும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்று, பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களைச் சிதைத்தபோது, ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தினார். அது சட்டப் பலம் உள்ளது, ஆட்களையும் பணத்தையும் நகர்த்த வல்லது. ஆனால் பிணங்கள் விழுந்த பிறகு வருவது. அதே சட்டத்தின் கீழ் பல தசாப்தங்கள் வாழ்ந்த தமிழ் மக்களுக்கு அதன் மறுமுகமும் நினைவிருக்கிறது. ஆக, சபைத் தீர்மானம் முன்கூட்டியே வருகிறது, பல் இல்லை. அவசரகாலப் பிரகடனத்துக்குப் பல் உண்டு, பிந்தி வருகிறது.

இரண்டுக்கும் நடுவே கேரளத்தின் வயநாட்டிலுள்ள மீனங்காடி ஊராட்சி ஒரு வழி காட்டியது. 2016இல் தொடங்கிய காபன் சமநிலைத் திட்டத்தில், மரம் வளர்க்கும் விவசாயிக்கு மரத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வட்டியில்லாக் கடன், மரத்தை வெட்டினால்தான் திருப்பிக் கட்ட வேண்டும். ஊராட்சியின் கைக்கு எட்டிய வேலை, கணக்குக் கேட்கக்கூடிய வேலை. அதே வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளும் மண்சரிவில் மண்ணோடு போயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மரக் கடன் நல்லதுதான், அது சரிவில் இருக்கும் குடியிருப்பை இடம் மாற்றாது.

அப்படியானால் ஊவாவின் எல்ல பிரதேச சபை ஒரு தீர்மானம் போடலாமா? போடலாம். ஆனால் சபையின் கைக்குள் ஏற்கெனவே இருப்பதிலிருந்து அது தொடங்க வேண்டும். உல்லாசப் பயணிகளுக்காகச் சரிவுகளில் அடுக்கடுக்காக எழும்பும் ஹோட்டல்களின் வரைபடங்கள் சபையின் மேசைக்கே வருகின்றன. கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் அறிக்கை இல்லாத எந்த வரைபடத்துக்கும் ஒப்பம் இல்லை என்று எழுதலாம். எல்ல–வெல்லவாய வீதியில் கரந்தகொல்லையில் மண் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும். அடுத்த வரியில், சபை எல்லைக்குள் அபாயம் என்று குறிக்கப்பட்ட லயங்களின் பெயர்ப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே மாற்று நிலம், உறுதிப் பத்திரம், தருவதற்குப் பொறுப்பான கம்பனி அல்லது அமைச்சு, திகதி. நிலத்தைக் கொடுக்கும் அதிகாரம் சபைக்கு இல்லை. ஆனால் யார் கொடுக்கவில்லை என்று ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் வாசிக்க அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.