திறப்பவருக்கு வேகம், அனுப்புபவருக்கு அளவு

சில மாதங்களாக என் தமிழ்க் கோப்புகளின் தினசரி பேக்கப் முழுவதும் இசட்-ஸ்டாண்டர்ட் என்ற சுருக்கும் கருவியில்தான் ஓடுகிறது. அதற்கு முன் பல வருடம் செவன்-ஜிப். இகோர் பாவ்லோவ் 1999-இல் வெளியிட்ட அந்த மென்பொருள் மேல் எனக்குள்ள பற்று கொஞ்சமும் குறையவில்லை. விளம்பரம் கிடையாது, காசு கேட்டு நச்சரிக்காது, எவ்வளவு பழைய கணினியிலும் ஓடும். ஆனாலும் தினசரி வேலைக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம், திறக்கும் வேகம்.

சுருக்க எவ்வளவு நேரமாகிறது என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். சுருக்குவது ஒரு தடவை. திறப்பதோ எத்தனையோ பேர், எத்தனையோ தடவை. யான் கொலே உருவாக்கி, ஃபேஸ்புக் 2016-இல் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த இசட்-ஸ்டாண்டர்டில் சாதாரணமாக 1 முதல் 19 வரை லெவல்கள். ஏற ஏறச் சுருக்கும் நேரம் கூடும், அளவு குறையும். விரிக்கும் வேகம் மட்டும் எந்த லெவலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆர்ச் லினக்ஸ் இயங்குதளக்காரர்கள் எக்ஸ்-இசட் என்ற சுருக்கும் முறையை விட்டு இதற்கு மாறியபோது, அவர்களுடைய மென்பொருள் தொகுப்புகளின் மொத்த அளவு சுமார் 0.8 சதவீதம் கூடியது. விரிக்கும் வேகம் சுமார் 1300 சதவீதம் ஏறியது. அந்த 0.8-ஐ நான் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

தமிழுக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. 'நாகர்கோவில்' நம் கண்ணுக்கு ஆறெழுத்து. யூனிகோடில் அது 11 குறியீடுகள். யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 33 பைட். இந்த மூன்றில் முதல் பைட் எந்தத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றேதான், இரண்டாவது பைட்டில் இரண்டே வகை. திரும்பத் திரும்ப வருவதைத்தானே சுருக்கும் கருவி எடுத்துப்போடுகிறது! அதனால் எந்தக் கருவியைப் போட்டாலும் தமிழ் உரை நன்றாகவே சுருங்கும். செவன்-ஜிப்பில் உள்ள பிபிஎம்டி முறை உரைநடையை இன்னும் இறுக்கும். ஆனால் சுருக்க ஆன நேரம் விரிக்கவும் ஆகும். ஒரே ஒரு கட்டுரையைத் தேடுபவரை அவ்வளவு நேரம் காக்க வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

உச்ச லெவலைத் தினமும் போடாததற்கு மழையும் ஒரு காரணம். எங்கள் குமரி மாவட்டத்தில் ஆனிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மழை வலுத்தால் கரண்டும் போகும். உச்ச லெவலில் பாதி சுருக்கிக்கொண்டிருக்கும்போது போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். லெவல் 3-இல் அந்தப் பயமே இல்லை, வேலை அதற்குள் முடிந்திருக்கும்.

எனக்குப் பிடிக்காத ஒரு பழக்கம்: கல்யாண ஆல்பத்தின் ஜேபெக் படங்களை உச்ச லெவலான 'அல்ட்ரா'வில் போட்டுச் சுருக்குவது. ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான். கணினி சூடாகி மணிக்கணக்கில் ஓடினாலும் பேருக்குத்தான் குறையும். 'ஸ்டோர்' என்று தேர்ந்தெடுத்துப் படங்களை வெறுமனே கட்டி அனுப்பினால் போதும்.

இசட்-ஸ்டாண்டர்டின் உண்மையான குறை வேறு. பூதப்பாண்டியிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான்: "அண்ணே, நீங்க அனுப்புனது தொறக்க மாட்டேங்கு." விண்டோஸ் 10 தானாக இதைத் திறக்காது. செவன்-ஜிப்பின் 2024 பதிப்பு முதல் திறக்கிறது. அதைப் போடச் சொன்னேன், திறந்துவிட்டது. எல்லோருக்கும் இப்படிப் போனில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. இந்த விஷயத்தில் பழைய ஜிப்பை வெல்ல இன்றும் ஆளில்லை.

தினசரி பேக்கப்புக்கு இசட்-ஸ்டாண்டர்ட், லெவல் 3. பலர் இறக்கித் திறக்கப்போகும் தொகுப்புக்கு லெவல் 19. கையில் டேட்டா குறைவாக உள்ளவர்களுக்கு ஒரே தடவை அனுப்புவதென்றால் செவன்-ஜிப். கணினி தெரியாத பெரியவர்களுக்கு, தயவுசெய்து, சாதாரண ஜிப்பிலேயே அனுப்புங்கள்.