நோட்டரி முத்திரைக்குப் பதில் உறுதிமொழி: ஒரு குறிப்பு

எங்க கொட்டாரத்துக்குப் பக்கம்தான் சுசீந்திரம். குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி அந்தக் கோயிலில் கொதிக்கிற நெய்யில் கையை விட வேண்டும். கை வேகாவிட்டால் அவர் சொன்னது உண்மை. கைமுக்கு என்று பேர். சுவாதித் திருநாள் காலத்தில் நிறுத்திவிட்டார்கள். 1840-ல் கம்பெனி அரசும் கங்கை நீர், குர்ஆன் மேல் செய்யும் சத்தியத்தை எடுத்துவிட்டு, உறுதிமொழி போதும் என்று சட்டம் போட்டது. இப்போதுள்ள 1969 சட்டத்திலும் கடவுள் பேரைச் சொல்லாமல் உறுதி கூறலாம்.

ஆனால் எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்துக்கு இன்னொருவர் கையெழுத்து வேண்டும். நீதிமன்றம், மாஜிஸ்திரேட், நோட்டரி, உயர்நீதிமன்றம் நியமித்த அலுவலர் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 139-ஆம் பிரிவு பட்டியல் தருகிறது. 2002 திருத்தத்துக்குப் பிறகு சாட்சியின் முதல் விசாரணையே பிரமாணப் பத்திரமாகத்தான் வருகிறது. வழக்குரையோடும் ஒன்று வைக்கணும்.

இதற்கு நோட்டரி எதற்கு, பொய்யானால் தண்டனை என்று தெரிந்து நானே கையெழுத்திட்டால் போதாதா என்பது ஒரு வாதம். அமெரிக்க ஃபெடரல் சட்டம் 1976-லேயே இதை ஏற்றது. இங்கிலாந்தில் 1999 முதல் ‘உண்மைக் கூற்று’ இருக்கிறது. நம் 2015 வணிக நீதிமன்றச் சட்டம் அந்தப் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டது. உள்ளே அதே பிரமாணப் பத்திரம்தான்.

வாதம் எனக்குச் சரியாகவே பட்டது, பெரியம்மையோடு ஒரு பாகப்பிரிவினை வழக்குக்குப் போகிறவரை. பத்திரம் இங்கிலீஷில் நாலு பக்கம். நோட்டரி ஒன்றும் கேட்கவில்லை. "எங்க மக்ளே ஒப்பிடணும்?" என்று பெரியம்மை என்னைக் கேட்டாள், நான் இடத்தைக் காட்டினேன். குறுக்கு விசாரணையில் மூன்றாவது பத்தியைப் படித்துக் கேட்டபோது, "இத நான் சொல்லலியே" என்றாள். கூண்டில் அவள் சொன்னதுதான் உண்மை. பத்திரத்தில் இருந்தது யாரோ எழுதியது. இடத்தைக் காட்டியதில் எனக்கும் பங்கு உண்டு.

ஆக, முத்திரை உண்மையைக் காக்கவில்லை. அதை எடுத்துவிட்டாலும் பெரியம்மைக்கு ஒன்றும் மாறியிருக்காது. படிக்காமலே ‘சம்மதம்’ அழுத்தும் பெட்டிகளை வடிவமைத்தே பிழைக்கிறவன் நான். கையெழுத்து வேறு, புரிந்துகொண்டது வேறு என்று எனக்கே தெரிந்திருக்கணும்.

தண்டனைக்குச் சட்டத்தில் குறைவில்லை. பாரதிய நியாய சன்ஹிதா 229-ஆம் பிரிவில், நீதிமன்றத்தில் பொய்சாட்சிக்கு ஏழாண்டு வரை. சட்டப்படி சாட்சியமாக ஏற்கத்தக்க அறிவிப்பில் பொய் சொன்னாலும் அதே தண்டனை என்கிறது 236. அதாவது, உறுதிமொழியைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று சட்டம் ஒரு வரி சேர்த்தால், தண்டிக்கப் புதுப் பிரிவு வேண்டாம். ஆனால் வழக்குத் தொடர நீதிமன்றமே புகார் தரணும். அது அபூர்வம்.

என் முடிவு இது. வாசித்துப் புரிந்து கையெழுத்திட முடிந்தவருக்கு உறுதிமொழி போதும். முடியாதவருக்கு அதுவும் போதாது, நோட்டரி முத்திரையும் போதாது. அவர் சொல்வதை அவர் மொழியிலேயே எழுதி, நீதிமன்ற அலுவலர் வாசித்துக் காட்டி, "இது நீங்க சொன்னதுதானா?" என்று கேட்கணும். எங்க வழக்கில் அந்தக் கேள்வியை முதலில் கேட்டது எதிர்த்தரப்பு வக்கீல்தான்.