வீதியும் மண்டபமும்: யாழ்ப்பாண நகரின் கலைநுகர்வு பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்துக் கலைகளைப் பற்றி இதுவரை வெளிவந்த கட்டுரைகளிற் பெரும்பாலானவை கலைஞரைப் பற்றியவை. எவர் எவரிடம் பயின்றார், எந்தச் சபையில் எந்த வேடந் தாங்கினார், என்ன பட்டம் பெற்றார் என்பன அவற்றில் ஒழுங்காகப் பதிவாகியுள்ளன. இப்பதிவுகள் வேண்டப்படுவனவே. ஆயின் அக்கலைஞனின் எதிரே மணலிற் பாய் விரித்து இருந்தவன் யார், எந்த இடத்தில் அவன் தலையசைத்தான், எந்த இடத்தில் எழுந்து தேநீர்க் கடைக்குப் போனான் என்னும் வினாக்களை எழுப்பியோர் மிகச் சிலர். சுவைப்பவனை விட்டுவிட்டுக் கலையை மதிப்பிட முற்படும் திறனாய்வு, யாழ்ப்பாணம் போன்றதொரு பிரதேச நகரைப் பொறுத்தவரையிற் பெரும் பிழைக்கு இடமளிக்கின்றது. ஏனெனில் இந்நகரிற் கலை அன்றாட வாழ்விலிருந்து பிரித்தெடுத்துச் சுவைக்கப்பட்ட ஒன்றன்று.

கோயில் வெளிவீதியில் நடைபெறும் மேளக் கச்சேரியை எடுத்துக்கொள்ளலாம். வைகாசி தொடங்கி ஆவணி வரை குடாநாட்டின் ஏதோ ஒரு மூலையிற் கொடியேறிய வண்ணமே இருக்கும். ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வோர் உபயகாரருக்கு உரியது. முதல் நாட்காரர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தால் மறுநாட்காரர் நான்கு கூட்டம் பிடிப்பார். ஒருவர் சிகரம் கட்டினால் மற்றவர் அதனிலும் உயர்ந்த சிகரம் கட்டுவார். இப்போட்டியை வீண் ஆடம்பரம் என்று சீர்திருத்தக்காரர் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயமும் உண்டு. எனினும் தவிற்சமா என யாழ்ப்பாணத்தார் பெயரிட்டு வளர்த்த கலைநிகழ்வுக்கு இப்போட்டியே உரமாயிற்று என்பதை மறுத்தற்கில்லை. சுவாமி வீதியுலா வருகையில் வாசிக்கப்படும் மல்லாரி முடிந்து, இராக ஆலாபனை விரிந்து, பின்னர் தவிலுக்கென இடம் விடப்படும்போது கூட்டத்தின் இருப்பே மாறிவிடும். அதுவரை கச்சான் கொறித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து உட்காருவான். சுருதி பற்றியோ சாத்திரம் பற்றியோ அவனுக்கு அதிகம் தெரியாதிருக்கலாம். ஆனால் கணக்குத் தெரியும். ஒரு கோர்வை எங்கே புறப்பட்டு எங்கே வந்து விழவேண்டும் என்பதை அவன் தொடையில் விழும் கை அறியும்.

அந்தக் கை பகலில் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிய கையாகவோ, நகரத்துச் சைக்கிள் கடையிற் சில்லு நேராக்கிய கையாகவோ இருக்கும். இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களின் இசைக் குடும்பங்கள் உயர்ந்த தரத்தைப் பேணியமைக்கு இத்தகைய சுவைஞர் எதிரில் இருந்தமையும் ஒரு காரணம் எனல் வேண்டும். இணுவில் விசுவலிங்கத்தின் மைந்தரும் தமிழ்நாட்டின் முதல்வரிசை வித்துவான்களுடன் சரியாசனத்தில் வாசித்தவருமான தவில்மேதை வி. தெட்சணாமூர்த்தி (1933–1975) இச்சூழலில் உருவானவர். அவர் வாசிப்பைப் பற்றி அம்ஷன் குமார் 2015இல் எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதினைப் பெற்றது. படத்தில் அவரைக் காண்கின்றோம், கேட்கின்றோம். வீதியில் அவரைச் சுற்றி இருந்து, தவறு வந்தால் முகஞ்சுளிக்கவும் ஆயத்தமாய் இருந்த ஆயிரம் செவிகளை எந்தப் படக்கருவியாலும் மீட்டுத் தர இயலாது.

இசை நாடகத்தின் நிலையும் இதற்கு ஒத்ததே. பார்சி நாடக மரபின் செல்வாக்குடன் தமிழகத்தில் உருவாகி, சங்கரதாஸ் சுவாமிகள் முதலியோராற் செழிப்புற்று, இந்தியக் குழுக்களின் வருகையினால் யாழ்ப்பாணக் கொட்டகைகளுக்கு வந்த இவ்வரங்கு, இங்கு வேரூன்றியபின் இம்மண்ணின் இயல்பையே பெற்றது. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்துவும் (1924–1989) அவரது வசந்த கான சபாவும் மேடையேற்றிய ‘அரிச்சந்திர மயான காண்டம்’ ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள் நிகழ்ந்தது. கதை முழுவதையும் அறிந்த ஒரு கூட்டம், பாட்டுகளையும் மனனமாய் அறிந்த ஒரு கூட்டம், மீண்டும் மீண்டும் தட்டிவானில் ஏறி அயலூர்களுக்குச் சென்று அதே மயானத்தைப் பார்த்திருக்கின்றது. புதுமையையே கலையின் உயிரெனக் கொள்ளும் இன்றைய திறனாய்வாளருக்கு இது வியப்பாகத் தோன்றும். அடுத்து என்ன நிகழும் என்பதை அறியும் ஆவலுடன் அச்சுவைஞன் அங்கு வரவில்லை. தெரிந்த அடியை இன்றிரவு இந்தக் குரல் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும், எந்த இடத்தில் உடையும் என்பதையே அவன் காத்திருந்தான்.

பாதித் தூக்கமும் இந்தச் சுவையின் ஒரு கூறே. மடியிற் பிள்ளை உறங்கும். தாயும் சற்றே கண்ணயர்வாள். சந்திரமதி பிள்ளையின் பிணத்துடன் மயானத்துக்கு வரும் கட்டத்தில் யாரோ தட்டி எழுப்புவர். மூன்று மணி நேரம் அசையாதிருந்து பார்ப்பதே உயர்ந்த இரசனை என்ற எண்ணம் நகர மண்டபங்களோடு வந்தது.

இவ்வளவிற் கட்டுரையை நிறுத்தினால் அது பழமைப் புகழ்ச்சியாய் முடியும். யாழ்ப்பாணத்துக் கலைகளைப் பற்றி எழுதுவோர் பலர் இவ்விடத்திலேயே நிறுத்திவிடுகின்றனர் என்பது வருத்தத்துக்குரியது. வீதி எல்லோருக்கும் உரியதாக இருந்ததா என்ற வினா எஞ்சி நிற்கின்றது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியபின்னரும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலில் 1968இல் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. எந்தக் கோயிலின் உள்ளே எவர் செல்லலாம், வெளிவீதியில் எவர் எங்கு நிற்கலாம், எவர் பாயில் எவர் இருக்கலாம் என்பன எழுதாத சட்டங்களாய் நிலவின. கட்டணமின்றிக் கேட்கக்கூடியதாயிருந்த இசைக்குச் சாதி என்னும் கட்டணம் இருந்தது. தவிலின் ஓசை மதிலைக் கடந்து தொலைவில் நின்றவன் செவிக்கும் சென்றது என்பது உண்மை. ஆனால் ஓசை கடந்த மதிலை அவன் கடக்க இயலவில்லை என்பதும் உண்மை. வாசித்தவர்களின் நிலையும் முற்றாக வேறுபட்டதன்று. இரவிற் பொன்னாடை போர்த்துத் தலையில் வைத்துக் கொண்டாடப்பட்ட வித்துவான், பகலில் ‘மேளகாரன்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடைக்கப்பட்டார்.

இந்த ஒளியில் மயான காண்டத்தை மீண்டும் நோக்குதல் வேண்டும். மன்னன் ஒருவன் புலையனுக்கு அடிமையாகி, சுடலை காத்து, தன் மனைவியிடமே சுடலைக்கூலி கேட்டு நிற்கின்றான். சாதிவாரியாகப் பிரிந்து இருந்த ஒரு சபை இதைக் கண்டு விடிய விடியக் கண்ணீர் வடித்தது. ஒரு பகுதியினர் அழுதது மன்னனுக்கு நேர்ந்த இழிவை எண்ணி. மன்னனுக்கு ஒரு காலம் நேர்ந்தது தமக்கு என்றும் நேர்ந்துகொண்டிருப்பதைக் கண்டு அழுதோரும் அதே சபையில் இருந்தனர். நாடகம் இவ்விரு கண்ணீரையும் பிரித்துக் காட்டவில்லை. அதன் ஆற்றல் அங்கே இருந்தது; அதன் வரையறையும் அங்கேயே இருந்தது.

மண்டபம் இந்த வகையிற் புதிய வாசலொன்றைத் திறந்தது. வீரசிங்கம் மண்டபத்திலோ, போரில் அழிந்த பழைய நகர மண்டபத்திலோ நுழைவுச்சீட்டை நீட்டியவனிடம் எவரும் ஊரையும் குலத்தையும் கேட்கவில்லை. பின்வரிசை முன்வரிசை என்ற பேதம் பணத்தைப் பொறுத்ததாயிற்று. இது சிறிய மாற்றமன்று. நவீன நாடகம் தழைத்ததும் இத்தகைய வெளிகளிலேதான். 1978இல் தோன்றிய நாடக அரங்கக் கல்லூரியின் முயற்சிகளும், குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ (1985) நாடகமும் வேறொரு சுவைஞர் கூட்டத்தைத் தேடின. பின்னையது பல்கலைக்கழக மேடையோடு அமையாது ஊர்களுக்கும் சென்றது. மண்டபத்திற் பிறந்த கலை வீதியை நாடியமைக்கு அது சான்று.

ஆயின் மண்டபத்துக்கும் அதற்குரிய பொய்கள் உண்டு. அவற்றுட் பெரியது நடனம் பற்றியது. கோயிற் சதிராட்டத்தை நாவலர் காலந்தொட்டே சைவச் சீர்திருத்தக்காரர் கண்டித்து வந்தனர். பின்னர் சின்னமேளம் என்ற பெயரே பழிச்சொல்லாயிற்று. அதே அடவுகளும் அதே அபிநயங்களும் பரதநாட்டியம் என்னும் பெயருடன் மண்டபத்தில் ஏறியபோது பெற்றோர் பெருமிதத்துடன் அழைப்பிதழ் அச்சிட்டனர். கலை தூய்மையாயிற்று என்று சொல்லப்பட்டது. உண்மையில் ஆடியவர்களின் குடியே மாறிற்று. வீதியில் ஆடிய பெண்களின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை. மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் இசைக்கல்லூரி இசையையும் நடனத்தையும் எக்குடிப் பிள்ளையும் பயிலத்தக்க கல்வியாக்கியது என்பதை நன்றியுடன் ஏற்கலாம். அந்நன்றி, முன்னர் ஆடியவர்களை மறப்பதற்கு உரிமையளிக்காது.

ஒலிபெருக்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது சினிமாப் பாடலைக் கோயிலுக்குக் கொண்டுவந்தது. கேட்க விரும்பாதவனையும் கேட்கச் செய்தது.

போர்க்காலம் வேறொரு நுகர்வைப் படைத்தது. 1990 முதல் சில ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய் பொன்னைப் போலாயிற்று. அக்காலத்திற் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்ற, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் வானொலியும் ஒலிநாடாவும் இயங்கின. சுழற்றும் கை தளர்ந்தால் பாடகரின் குரலும் தளர்ந்து இழுபடும். கேட்பவனின் உடலுழைப்பின்றி இசை இல்லை என்ற நிலை உலகில் வேறெங்கும் இவ்வளவு நேரடியாக நிலவியிருக்குமோ என்பது ஐயமே. சுழற்றுபவருக்குக் கைமாற்ற அயல்வீட்டார் வந்தனர். வந்தவர்கள் இருந்து கேட்டனர். மண்டபங்கள் மூடிக்கிடந்த காலத்திலே முற்றம் ஒரு சிறு வீதியாயிற்று. 1995இன் பெரும் இடப்பெயர்வு அம்முற்றங்களையும் வெறுமையாக்கியது.

இன்று நகரில் மண்டபத்துக்குக் குறைவில்லை. 1981இல் எரியூட்டப்பட்டு மீளக் கட்டப்பட்ட பொது நூலகத்துக்கு அருகே, இந்திய உதவியுடன் எழுந்து 2023இல் கையளிக்கப்பட்ட பண்பாட்டு மையத்தில் 600 பேருக்கு மேல் அமரலாம். அங்கே நிகழ்ச்சிகள் குறித்த நேரத்திற் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிவடைகின்றன. இருக்கைகள் நிலத்தோடு பொருத்தப்பட்டவை. இசை நாடகமும் ஒரு மணி நேரக் காட்சியாய்ச் சுருங்கி அத்தகைய மேடைகளில் ஏறுகின்றது. சுருக்கம் தன்னளவிற் குற்றமன்று. மயான காண்டமே நீண்டதொரு நாடகத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பகுதிதான். அன்று அதைப் பிரித்தெடுத்தது சுவைஞனின் விருப்பம். இன்று நிகழ்ச்சி நிரல் அதைச் செய்கின்றது. கைதட்டல் முன்னையிலும் அதிகம் கேட்கின்றது. முகஞ்சுளிப்பவரைக் காண்பது அரிது.

நல்லூரில் இருபத்தைந்து நாள்களும் வெண்மணற் பரப்பில் மக்கள் அமர்கின்றனர். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தோர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நிற்க, அவர்களின் முழங்கைகளுக்குக் கீழே, சுவாமி அடுத்த வீதிக்குத் திரும்பிய பின்னரும், மேளத்தடியை விட்டு அகலாத சிலர் இன்னும் உளர். அவர்களின் கை தொடையில் விழுகின்றது.