ஐந்து சின்னப்பாவும் காணாமல் போன சலங்கையும்

இணையத்தில் பழைய ஒலிப்பதிவுகளைத் தேடி அலைவது எனக்கு ஒரு வியாதி. போன மாசம், தேடலைப் புதுக்கோட்டைக்குள்ளேயே வச்சுக்கலாம்னு முடிவு செய்தேன். நிறையவே கிடைத்தது. ஆனா, கிடைத்தவை வந்து சேர்ந்திருக்கும் கோலத்தைப் பற்றி ஒரு புகார் இருக்கு.

'ஜகதலப்பிரதாபன்' (1944) படத்தையே எடுத்துக்கொள்வோம். பி.யு.சின்னப்பா நம்ம ஊர்க்காரர். பெயருக்கு முன்னால் நிற்கும் 'பி' புதுக்கோட்டைதான். அதில் ஒரே காட்சியில் ஐந்து சின்னப்பா. ஒருவர் பாட, மற்றவர்கள் பக்கவாத்தியம். இந்தக் காட்சியின் இரண்டு பதிவேற்றங்களை ஹெட்போன் மாட்டி அடுத்தடுத்துக் கேட்டேன். ஒன்று தேய்ந்த பிரதி, சரசரன்னு இரைச்சல். ஆனா ஒவ்வொரு தட்டும் எங்கே விழுதுன்னு தெரியுது, கூடவே தொடையில் தாளம் போட முடியுது. இன்னொன்று 'சுத்தம்' செய்யப்பட்டது. குரல் பளிச்சென்று இருக்கு. வாத்தியமெல்லாம் தலையணைக்கு அடியில் வைத்து வாசித்த மாதிரி. கண்ணுக்கு ஐந்து பேர், காதுக்கு ஒருத்தர்தான்.

மற்ற ஊர்க்காரர்கள் வேண்டுமானால் இதைச் சின்ன விஷயம் என்று விடலாம். புதுக்கோட்டை கர்நாடக இசைக்குக் கொடுத்த பெரிய சொத்தே தாளம்தானே! கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் உட்கார வைத்தவர் மான்பூண்டியா பிள்ளை. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875–1936) மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பேர் வாங்கியவர். அந்த வழியில்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் வருகிறார்.

கஞ்சிரா பார்க்கச் சின்ன வாத்தியம். பலா மரச் சட்டம், உடும்புத் தோல், ஓரத்தில் ஒரு சலங்கை. ஈரம் தடவிய தோலில் விரலை அழுத்தினால் 'கும்'மென்று கீழே வழுக்கும் நாதம் ஒரு பக்கம். தட்டுக்குத் தட்டு சிலிர்க்கும் சலங்கை மறுபக்கம். 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வருவதற்கு முன் கொம்பு வழியாகத்தான் பதிந்தார்கள். அந்தக் கொம்புக்கு அடிநாதம் சரியாகப் பிடிபடாது. பிற்காலத் தட்டுகளில் மிஞ்சியிருக்கும் மேல்பக்கச் சிலிர்ப்பு, ஊசியின் கீறல் சத்தம் குடியிருக்கும் அதே இடத்தில் இருக்கிறது. மென்பொருளுக்கு இரண்டும் ஒண்ணுதான். 'இரைச்சல் நீக்கு' பொத்தானை அழுத்தினதும் கீறலோடு சேர்ந்து சலங்கையும் போயிடுது.

வேகம் இன்னொரு கூத்து. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்ற வேண்டிய தட்டை 83ல் விட்டால், ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரைக் கட்டையைத் தாண்டி நிற்பார். கேட்பவர்கள் 'என்ன ஒரு கணீர்க் குரல்!' என்று மெச்சுவார்கள். தாளமும் அதே விகிதத்தில் ஓடும்; அதை யாரும் மெச்சுவதும் இல்லை, சந்தேகப்படுவதும் இல்லை.

பதிவேற்றுபவர்களைத் திட்ட எனக்கு மனசு வரலை. சொந்தக் காசில் தட்டு வாங்கி, ராத்திரி உட்கார்ந்து ஏற்றுகிறவர்கள் அவர்கள். கேட்பது ஒன்றுதான்: மெருகேற்றியதைப் போடுங்க, பக்கத்திலேயே கை வைக்காத மூலத்தையும் போடுங்க. தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் லேபிளை ஒரு போட்டோ எடுத்துச் சேர்த்தால் ரொம்ப உபகாரம். பாடியவர் பெயர் மட்டும் போட்டுவிட்டு வாசித்தவரை விட்டுவிடும் பழக்கம் இன்னும் போகலை.

அந்தத் தேய்ந்த பிரதியை இறக்கி வச்சுக்கிட்டேன். அடுத்த தடவை தேடும்போது அது அங்கே இருக்குமோ, என்னவோ.