அடித்தல் திருத்தலின் அழகு

அச்சில் வந்த நாவலை எவரும் ரசிக்கலாம். அது நாவலாகத் திரண்டுவந்த விதத்தையும் ரசிக்க வேண்டுமென்றால் ஆஸ்டின் நகருக்குப் போகவேண்டும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1957இல் தொடங்கப்பட்ட ஹாரி ரான்சம் மையம், எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும் மெய்ப்புகளும் குவிந்துகிடக்கும் களஞ்சியம்.

வாசிப்பறையில் பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டும்தான். கேட்ட பெட்டி மேசைக்கு வந்ததும், ஒரு நேரத்தில் ஒரு கோப்பை மட்டும் எடுத்து, தாள்கள் முன்பின் மாறாமல் புரட்டவேண்டும். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. எந்தத் தாளை அடுத்து எது இருந்தது என்பதும் ஒரு சான்று. அது கலைந்துவிட்டால் எது முதலில் எழுதியது, எது பிறகு மாற்றியது என்று சொல்ல முடியாது. வரிசையைக் காப்பதுதான் ஆவணக்காப்பாளரின் கலை.

அங்கே ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸஸ்’ பக்க மெய்ப்புகள் இருக்கின்றன. மெய்ப்பு வந்தால் நாம் எழுத்துப்பிழை பார்ப்போம். ஜாய்ஸுக்கோ அதுவும் எழுதுவதற்கான தாள்தான். ஓரத்து வெள்ளையில் புதிய வாக்கியங்களை நுழைத்துக்கொண்டே இருந்தார். நாவலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மெய்ப்புகளில் வளர்ந்தது என்பார்கள். திஜோன் நகரத்து அச்சகத்தார் கோத்ததைப் பிரித்துப் பிரித்து மறுபடி கோத்தார்கள். 1922 பிப்ரவரி 2, அவருடைய நாற்பதாவது பிறந்தநாளன்று, புத்தகம் வெளிவந்தது.

காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் இதற்கு நேரெதிர். 2014இல் அவர் மறைந்தபின் அவருடைய ஆவணங்களை 22 லட்சம் டாலர் கொடுத்து மையம் வாங்கியது. தட்டச்சுப்பொறிகளும் கணினிகளும்கூட வந்து சேர்ந்தன. ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ தட்டச்சுப் பிரதியில் கைத்திருத்தங்கள் சொற்பமே. அந்த நாவலுக்கான குறிப்புகளை அவரே கிழித்துப்போட்டுவிட்டார். தொழில் ரகசியம் வெளியே தெரியக்கூடாது என்று நினைத்தவர் அவர்.

ஆனால் பிற்காலத்தில் எழுதியவற்றில் பல தப்பிப் பிழைத்தன. ‘ஆகஸ்டில் சந்திப்போம்’ நாவலுக்கு அடுத்தடுத்துப் பல வரைவுகள். 2004இல் எழுதிய ஐந்தாவது வரைவின் மேல், ‘கிரான் ஓகே ஃபினால்’ என்ற குறிப்பு. இதுவே முடிவான வடிவம் என்ற நிறைவு அதில் தெரிகிறது. அதன் பிறகும் திருத்தினார். நினைவு மங்கிய காலத்தில், இது தேறாது, அழித்துவிடுங்கள் என்றார். மகன்கள் 2024இல் வெளியிட்டார்கள். செய்தது சரியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

அந்தச் சண்டையில் ஒரு பக்கம் சேருமுன் வரைவுகளைப் பார்க்கவேண்டும். இறுதி வடிவம் ஆசிரியரின் தீர்ப்பை மட்டுமே சொல்லும். அவர் தயங்கியதும் துணிந்ததும் மனம் மாறியதும் வரைவுகளில்தான் கிடைக்கும். 2017இல் மார்க்கேஸின் ஆவணங்களிலிருந்து 27,000 படங்களை மையம் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. ஆஸ்டினுக்குப் பயணச்சீட்டு எடுக்க முடியாதவர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை.