பத்து பேர், ஒரு பாட்டு: கே-2 உச்சியின் கடைசி 10 மீட்டர்

2021 ஜனவரி 16, மாலை ஐந்து மணியை நெருங்கும் நேரம். காரகோரம் மலைத்தொடரில், பாகிஸ்தான்–சீன எல்லையில் நிற்கும் கே-2 சிகரத்தின் உச்சிக்கு இன்னும் 10 மீட்டர்தான் பாக்கி. முன்னால் ஏறிவந்த நேபாள வீரர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். பின்னால் வருபவர்கள் வந்து சேரும்வரை காத்திருந்தார்கள். பத்து பேரும் கூடியதும் தோளோடு தோள் சேர்த்து, நேபாள தேசிய கீதத்தைப் பாடிக்கொண்டே, ஒரே வரிசையாக உச்சியில் கால்வைத்தார்கள்.

குளிர்காலத்தில் 8,600 மீட்டர் உயரத்தில் சும்மா நிற்பதே உயிரைப் பணயம் வைக்கும் வேலை. அசையாமல் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் விரல்கள் விறைக்கும். பொழுது சாய்ந்தால் இருட்டில் இறங்க வேண்டும். தெரிந்தே நின்றார்கள். 'முதலில் தொட்டவர் யார்?' என்ற கேள்விக்கே இடம் தரக்கூடாது என்ற முடிவு அது.

வெற்றிக் களிப்பில் பாடிய பாட்டு என்று மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த நாளின் பாதிதான் நமக்குப் புரியும். மலையேற்ற வரலாற்றில் 1953 முதல் தீராமல் கிடந்த ஒரு வழக்கை அந்தப் பாட்டு தீர்த்துவைத்தது. ஆகவே இந்த அலசலில் கயிற்றுக்கும் முகாமுக்கும் எவ்வளவு இடமோ, பாட்டுக்கும் அவ்வளவு இடம்.

33 ஆண்டுகள் அசையாத மலை

உலகில் 8,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் 14. அவற்றைக் குளிர்காலத்தில் ஏறும் போட்டியைத் தொடங்கிவைத்தவர்கள் போலந்து வீரர்கள். 1980 பிப்ரவரி 17-ல் லெஷெக் சிஹி, கிஷிஷ்டோஃப் வியலிட்ஸ்கி இருவரும் எவரெஸ்ட் உச்சியை எட்டினார்கள். அடுத்தடுத்து மற்ற சிகரங்களும் பணிந்தன. 2016 பிப்ரவரியில் பாகிஸ்தானின் அலி சத்பாரா உள்ளிட்ட மூவர் நங்க பர்பத்தை முடித்தபோது பட்டியலில் 13 பெயர்கள் நிரம்பிவிட்டன. எஞ்சியது கே-2 மட்டும்.

அதற்கான முயற்சி 1987-88 குளிர்காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஆந்த்ஷே ஸவாடா தலைமையிலான அணி 7,300 மீட்டரோடு திரும்பியது. 2002-03-ல் சீனப் பக்கத்திலிருந்து முயன்ற அணி 7,650 மீட்டர் வரை போனது. அதற்குப் பிறகு வந்த அணிகளையும் மலை கீழே அனுப்பிவிட்டது.

இதற்கு முதல் காரணம் புவியியல். எவரெஸ்ட் இருப்பது வடக்கே 28-வது பாகையில். கே-2 இருப்பது ஏறக்குறைய 36-ல். வடக்கே போகப் போக, குளிர்காலத்தில் உயரத்தின் காற்றழுத்தம் மேலும் குறைகிறது. அதனால் ஒரே உயரத்தில் நின்றாலும் நுரையீரலுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் இங்கே இன்னும் குறைவு. உச்சியை ஜெட் காற்று விடாமல் அறைகிறது. இவற்றோடு பாதையும் எதிரி. அப்ரூஸி முகட்டு வழியில் 8,200 மீட்டருக்கு அருகே 'பாட்டில்நெக்' என்ற செங்குத்தான பனிச்சந்து இருக்கிறது. தலைக்கு மேலே பிரம்மாண்டமான பனிப்பாளம் தொங்கிக்கொண்டிருக்கும். அது எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. பொதுவாக ஏற்கப்படும் அந்த 13 முதல் குளிர்கால ஏற்றங்களின் பட்டியலில் ஒரு ஷெர்பாவின் பெயர்கூட இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கயிறு கட்டியவர்கள், கூடாரம் சுமந்தவர்கள், அடுப்பு மூட்டியவர்கள் அவர்கள். மிங்மா கியால்ஜே ஷெர்பாவுக்கு இந்த வெற்றிடம் உறுத்தியது. முந்தைய குளிர்காலத்திலேயே கே-2வுக்கு ஓர் அணியோடு வந்து, முடியாமல் திரும்பியவர் அவர். மறுபடியும் வந்தார்.

திருப்புமுனை

அந்தக் குளிர்காலத்தில் அடிவார முகாமில் நேபாளிகள் மூன்று தனித்தனி அணிகளாக இருந்தார்கள். மிங்மா கியால்ஜேயோடு தாவா தென்ஜின் ஷெர்பா, கிலு பெம்பா ஷெர்பா என மூவர். பிரிட்டன் படையில் கூர்க்கா வீரராக இருந்த நிர்மல் புர்ஜாவின் தலைமையில் மிங்மா டேவிட், மிங்மா தென்ஸி, கெல்ஜென், பெம் சிரி, தாவா தெம்பா ஷெர்பாக்கள் என அறுவர். வணிகக் குழுவொன்றோடு வந்த சோனா ஷெர்பா தனி.

முதல் இரு அணிகளும் ஒன்றுக்கொன்று போட்டி. ஒருவர் திட்டத்தை மற்றவர் அறியாமல் வைத்திருக்க எல்லா நியாயமும் இருந்தது. புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசின. கயிறு கட்டும் வேலையைப் பகிர்ந்துகொள்வது என்று முடிவானது. ஆட்டம் மாறியது அங்கேதான்.

இந்த மலையில் ஆளை அயர வைப்பது கயிறு கட்டும் வேலைதான். முன்னால் போகிறவர் பனியைக் குத்தி, திருகாணி இறக்கி, கயிற்றைப் பிணைத்துக்கொண்டே ஏறுகிறார். அவருக்குப் பிடிமானம் கிடையாது. பின்னால் வருபவருக்கு அவர் கட்டியதே பிடிமானம். ஓர் அணியில் இரண்டு மூன்று பேர் மட்டும் இதைச் செய்தால் உச்சிக்கு வெகு முன்பே தெம்பு தீர்ந்துவிடும். பத்து பேர் முறைவைத்துச் செய்தபோது, கடைசி நாளுக்கும் முன்வரிசையில் புதுத் தெம்போடு ஆள் இருந்தார். உச்சி நாளன்று அந்த வரிசையில் முக்கியமானவர் மிங்மா தென்ஸி. பாட்டில்நெக்கைத் தாண்டிப் பாதை திறந்ததில் அவர் கைக்குப் பெரும் பங்கு.

இடையில் புயல் வீசி இரண்டாம் முகாமின் பொருட்களைச் சிதறடித்தது. அதன் பிறகு ஜனவரி நடுவில் காற்று தணிந்த சில நாட்கள் கிடைத்தன. அந்த இடைவெளியை அவர்கள் நழுவவிடவில்லை. சுமார் 7,300 மீட்டரில் இருந்த மூன்றாம் முகாமிலிருந்து நள்ளிரவுக்குப் பின் கிளம்பி, 1,300 மீட்டர் உயரத்தை ஒரே மூச்சில் கடந்து மாலையில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பத்து பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

ஒன்பது பேர் ஆக்ஸிஜன் சிலிண்டர் பயன்படுத்தினார்கள். புர்ஜா இல்லாமல் ஏறினார். சிலிண்டர் உதவியோடு ஏறியது முழுச் சாதனை ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, பதிவேட்டில் அதைத் தனியாகக் குறிக்கவும் வேண்டும். ஆனால் கட்டிவைத்த கயிறு இல்லாத, காலடித் தடம் இல்லாத மலையில், 33 ஆண்டுகளாக யாரும் 7,700 மீட்டரைக்கூடத் தாண்டாத பருவத்தில், இவர்கள் தாங்களே வழி போட்டு ஏறினார்கள். அதன் மதிப்பை சிலிண்டர் குறைத்துவிடாது.

பாடுவதற்கு மூச்சு வேண்டும்

அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஒரு அடி வைக்கப் பல மூச்சு வாங்க வேண்டும். பேச்சே துண்டு துண்டாகத்தான் வரும். பாடுவது அதைவிடச் சிரமம். மூச்சை அடக்கி, நீட்டி, அளந்து விட வேண்டும். பதினைந்து மணி நேரம் ஏறியவர்கள் அங்கே வாய்திறந்து பாடியதை உடற்திறன் கணக்கில் சேர்க்காமல் எதில் சேர்ப்பது?

அவர்கள் நடந்த விதத்தையும் கவனிக்க வேண்டும். ஷெர்பா கிராமங்களில் 'ஷ்யாப்ரு' என்ற வரிசை ஆட்டம் உண்டு. ஆணும் பெண்ணும் கைகோத்து நீளமாக நிற்பார்கள். பாட்டும் அவர்களுடையதே, தாளமும் அவர்கள் காலே. பாட்டின் போக்குக்குத் தரையை மிதித்து மிதித்து வரிசை மொத்தமும் ஒன்றாக நகரும். தனியாக முன்னால் வந்து ஆட அதில் இடமில்லை. ஒருவர் பிசகினால் வரிசை முழுக்கப் பிசகும். கே-2 காணொளியில் அந்தப் பத்து பேரின் தோள்களையும் கால்களையும் பார்த்தால் இந்த ஆட்டத்தின் பழக்கம் எனக்குத் தெரிகிறது. ஊர்த் திருவிழாவில் படித்த ஒழுங்கு உலகின் இரண்டாவது உயரமான சிகரத்தில் கைகொடுத்தது என்றே சொல்வேன்.

ஷெர்பாக்களுக்கு மலை ஒரு விளையாட்டுத் திடல் மட்டும் இல்லை. எவரெஸ்ட்டில் மியோலாங்சாங்மா என்ற தேவி குடியிருக்கிறாள் என்பது அவர்கள் நம்பிக்கை. கும்பு பள்ளத்தாக்கின் காவல் தெய்வமான கும்பிலா சிகரத்தில் இன்றைக்கும் ஏறமாட்டார்கள். ஏறும் மலைக்கும் முதலில் அடிவாரத்தில் பூசை போட்டு, ஜூனிபர் தழை புகைத்து, மந்திரக் கொடி கட்டி அனுமதி கேட்ட பிறகே பயணம். கேட்டுவிட்டு ஏறுகிறவர்களுக்கு உச்சியில் குரல் கொடுப்பதும் அந்த வழிபாட்டின் தொடர்ச்சிதான்.

1953-ல் பிறந்த பாட்டு

1953 மே 29 காலை 11.30 மணிக்கு டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். அந்தப் பயணத்தில் 350-க்கும் மேற்பட்ட சுமைதூக்கிகள் நடந்தார்கள். பிரிட்டன் ஹிலாரிக்கும் அணித்தலைவர் ஜான் ஹன்ட்டுக்கும் 'சர்' பட்டம் தந்தது. டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம்.

நேபாளம் தன் பங்குக்கு ஒரு பாட்டைத் தந்தது. பொக்கரா பகுதிக்காரரான நாட்டுப்புறப் பாடகர் தர்மராஜ் தாபா, 'எங்கள் டென்சிங் ஷெர்பா'வைப் பற்றிப் பாடிய பாட்டு மலைக் கிராமங்களெல்லாம் பரவியது. ஹிலாரிக்கு வழிகாட்டி அழைத்துப் போனவராக அதில் டென்சிங் வருகிறார். யார் முதலில் என்ற சண்டை கொழுந்துவிட்டது. இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே உச்சியை அடைந்தார்கள் என்று காத்மாண்டுவில் கையெழுத்திட்ட அறிக்கை வெளியிட வேண்டிவந்தது. 1955-ல் வெளிவந்த தன் வாழ்க்கை வரலாற்றில் டென்சிங் உண்மையைச் சொன்னார்: ஹிலாரி முதலில் கால்வைத்தார், தான் அடுத்து, ஒரே கயிற்றில் பிணைந்தவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

தாபாவின் பாட்டு உச்சிக் கணக்கில் மிகைப்படுத்தியது. ஆனால் அது பிறந்த மரபைப் பாருங்கள். நேபாளத்தில் செய்தித்தாள் வருவதற்கு முன்பு செய்தி சுமந்தவர்கள் கந்தர்வர் என்ற பாடகர் குலத்தார். சாரங்கியை நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், போரையும் மரணத்தையும் வீரத்தையும் பாடுவார்கள். பிறநாட்டுப் போரில் மாண்ட கூர்க்கா சிப்பாய் தன் தாய்க்குச் சொல்லி அனுப்பும் பாட்டை ஜலக்மான் கந்தர்வா பாடி, நாடே கேட்டது. பட்டியலில் இடம் கிடைக்காதவர்களின் பெயரை அந்தப் பாட்டுகள்தான் காப்பாற்றிவைத்தன. தாபா அந்த வேலையைத்தான் டென்சிங்குக்குச் செய்தார்.

பாட்டு கிடைக்காதவர்களின் கதி வேறு. 1954-ல் இத்தாலிய அணி கே-2வை முதன்முதலாக ஏறியபோது, ஹுன்சாவைச் சேர்ந்த அமீர் மெஹ்தி, வால்டர் பொனாட்டியோடு சேர்ந்து ஆக்ஸிஜன் சிலிண்டர்களை மேலே சுமந்துபோனார். 8,100 மீட்டர் உயரத்தில் கூடாரம் இல்லாமல் இருவரும் ஓர் இரவைக் கழித்தார்கள். மெஹ்தியின் கால்விரல்கள் போயின. மறுநாள் உச்சியைத் தொட்ட இருவரின் பெயர் உலகத்துக்குத் தெரியும். மெஹ்தியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

நாயகன் இல்லாத பாட்டு

2021-ல் உச்சியில் ஒலித்த கீதத்துக்கு அப்போது வயது 13தான். அதற்கு முன்பிருந்தது மன்னரை வாழ்த்தும் பாட்டு. ப்யாகுல் மைலா எழுதி, அம்பர் குருங் இசையமைத்த புதிய கீதம் 2007 ஆகஸ்டில் ஏற்கப்பட்டது. அதில் அரசன் இல்லை, தளபதி இல்லை. சமவெளி, குன்று, பனிமலை என எல்லா நிலத்து மக்களையும் ஒன்றாகத் தொடுக்கும் பாட்டு அது.

1953-ன் பாட்டில் ஒரு நாயகன் இருந்தார். ஆகவே இன்னொருவர் இரண்டாமிடத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2021-ல் பாடிய பாட்டில் தனி நாயகன் இல்லை. ஆகவே பத்து பேரும் முதலாமவர்கள் ஆனார்கள். உச்சிக்கு 10 மீட்டர் கீழே நின்று காத்திருந்தவர்கள் இந்தப் பாட்டைப் பாடியது மிகப் பொருத்தம்.

விளையாட்டுப் பக்கம் எழுதும் நமக்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. கிரிக்கெட் ஸ்கோர் கார்டில் விக்கெட் எடுத்தவர் பெயரோடு கேட்ச் பிடித்தவர் பெயரும் ஏறுகிறது. மலையேற்றத்தில் கயிறு கட்டியவர் பெயர் ஏறுவதில்லை. 2023-ல் நார்வேயின் கிறிஸ்டின் ஹரிலாவும் நேபாளத்தின் தென்ஜென் ஷெர்பாவும் 14 சிகரங்களையும் சேர்ந்தே 92 நாட்களில் முடித்தார்கள். பெரும்பாலான தலைப்புகளில் வந்தது ஒரு பெயர்தான். அதே ஆண்டு அக்டோபரில் தென்ஜென் ஷிஷாபங்மா பனிச்சரிவில் இறந்துபோனார்.

எந்தச் சிகரச் செய்தியாக இருந்தாலும் நான்கு விவரங்கள் கட்டாயம் வர வேண்டும்: கயிறு கட்டியவர் யார், சுமை ஏற்றியவர் யார், யாருக்கு ஆக்ஸிஜன் இருந்தது, யார் திரும்பி வந்தார்கள். இடமில்லை என்று எந்த ஆசிரியரும் சொல்ல வேண்டாம். கே-2வின் பத்து பெயர்களும் இந்தக் கட்டுரையிலேயே அடங்கிவிட்டன. பாடகர்கள் செய்துவந்த வேலையில் பாதியையாவது பத்திரிகைகள் இனி ஏற்க வேண்டும்.