மறைந்து வாழும் மந்தாகினி: 'பொன்னியின் செல்வ'னில் மர்மமும் மௌனமும்

கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' வரலாற்றுப் புதினமாகவே பெரிதும் பேசப்படுகிறது. ஆயினும் அதன் மர்ம முடிச்சு, கடலில் விழுந்து இறந்தாள் எனச் சுந்தர சோழர் நம்பும் ஊமைப் பெண் மந்தாகினியிடமே உள்ளது. நந்தினியின் பிறப்பை அறிந்தவள் பேச இயலாதவள். அம்மௌனமே வாசகரின் ஐயத்தை நீட்டிக்கிறது. எனினும் அவளை வெறும் கதை உத்தியாகக் கொள்வது பொருந்தாது. ஈழத்தில், 'சித்திரங்கள் பேசின' என்னும் அத்தியாயத்தில், தன் வரலாற்றைச் சுவரோவியங்களால் அருள்மொழிவர்மனுக்கு உணர்த்துகிறாள். அவற்றைப் படிக்கும் கண் மகனுக்கு வாய்த்தது. தந்தையோ அவளை ஆவியென அஞ்சுகிறார். அவரைக் காக்கவே வேலைத் தன்மீது ஏற்று அவள் உயிர்விடுகிறாள். மர்மம் அவிழ்கையில் அவள் கதையைப் பிறர் வாய்மொழியாகவே அரண்மனை கேட்கிறது. சித்திரங்கள் ஈழத்திலேயே தங்கிவிடுகின்றன. மர்மம் தீர்ந்தபின்னும் தீராத துயரம் அதுவே.